ஆறுக்கு அடுத்து எட்டு

பஸ் டெப்போவில் அவருக்கு 'நிமிஷம்' என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. முப்பத்து மூன்று வருடம் அவர் பார்த்த வேலை, வண்டிகளுக்குக் கால அட்டவணை போடுவது. எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்த நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்பது, டிரைவர் எங்கே இறங்கி முகம் கழுவிக்கொள்வது, எல்லாம் அவர் பென்சில் சொன்னபடிதான். யாராவது கதவைத் தட்டி "ஒரு நிமிஷம் சார்" என்றால், தலை நிமிராமல் "எந்த நிமிஷம்?" என்று கேட்பார். கேலி இல்லை, மனிதர் நிஜமாகவே கேட்பார்.

வேலையில் அவருக்கென்று இரண்டு பிடிவாதங்கள் இருந்தன. புது அட்டவணை எதுவானாலும், கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த வண்டியில் தாமே ஏறி ஒரு முழு நடை போய் வருவார். "காகிதத்துல எந்த வண்டியும் லேட்டாகாதுய்யா. போட்டவன் உட்கார்ந்து போகணும், அப்பத்தான் தெரியும்" என்பார். இன்னொன்று, ஒவ்வொரு நடையின் கடைசியிலும் நான்கு நிமிடம் சும்மா விட்டிருப்பார். மேலே இருந்தவர்கள் அதை வெட்டச் சொல்லிப் பார்த்தார்கள். "அது மூச்சு விடற நேரம் சார், அதுல கை வைக்காதீங்க" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார். பூனைபோல இருக்கும் மனிதர், அந்த நான்கு நிமிடத்துக்காக மட்டும் யாரோடும் சண்டைக்கு நிற்பார்.

வீட்டிலும் இதே கதைதான். மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போன நாளுக்கு அட்டவணை, கடைக்குப் போக அட்டவணை, உடம்புக்கு முடியாமல் படுத்தால் மாத்திரைக்கு அட்டவணை. அவர் மனைவி வாசல் அறையில் மிஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவர். தெருவே அவரைத் தையலம்மா என்றுதான் கூப்பிடும். "இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டதுல ஒரு சௌகரியம், வீட்டுக்குக் கடிகாரமே வேண்டாம்" என்று சொல்லிச் சிரிப்பார் தையலம்மா.

ஊருக்கு வெளியே கோல்ஃப் மைதானம் ஒன்று இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் அங்கே வந்து நான்கு நாள் ஆடுவார்கள். ஆட்டம் பார்க்க வருகிறவர்களை ரயில் நிலையத்திலிருந்து ஏற்றிப்போக டெப்போவிலிருந்து தனி வண்டிகள் விடுவார்கள். அந்த வண்டிகளுக்கு அட்டவணை போட்டுக் கொடுத்ததற்காக ஒரு வருடம் அவருக்கு இரண்டு அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள். இரண்டு பேரும் வாழ்நாளில் கோல்ஃப் மட்டையைத் தொட்டதில்லை. சும்மா கிடைக்கிறதே, வேடிக்கை பார்த்துவிட்டு வருவோம் என்றுதான் போனார்கள். போன இடத்தில் தையலம்மா அந்த ஆட்டத்தின் மேல் பைத்தியமாகிவிட்டார்.

"பத்தாயிரம் பேர் கூடி நின்னு, ஒருத்தர்கூட வாயைத் திறக்காம இருக்கறதை நான் வேற எங்கேயும் பார்த்ததில்லைங்க. சாவு வீட்டுல கூட இந்த மரியாதை கிடைக்காது" என்றார். அதற்குப் பிறகு பதினோரு வருடம் அவர்கள் ஒரு வருடம்கூட விடவில்லை.

கோல்ஃப் பார்ப்பது மற்ற ஆட்டங்களைப் பார்ப்பது போல இல்லை. ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால் முழு ஆட்டமும் நம்மைத் தேடி வராது. பதினெட்டுக் குழிகள் மைல் கணக்கில் பரந்து கிடக்கும். ஆட்டக்காரர்கள் இரண்டு மூன்று பேராக ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு அடித்துக்கொண்டே நடப்பார்கள். எங்கே நிற்பது, எப்போது நகர்வது, எந்த மரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரிப்பது என்பதையெல்லாம் பார்க்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். நிமிஷத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று. ஒரு மாதம் முன்பே மேப்பை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

நான்கு வருடத்துக்கு முன் அவர் போட்ட அட்டவணையில், பதினொன்று இருபதுக்கு எதிரே 'ஏழாம் குழி, வளைவு, கயிற்றோரம்' என்று எழுதியிருந்தது. மூன்று நாள் யோசித்துப் பிடித்த இடம். தையலம்மா குள்ளம். அதனால் அவரைக் கயிற்றை ஒட்டி நிறுத்திவிட்டுத் தாம் பின்னால் நின்றார். கூட்டத்தில் தள்ளிவிடக் கூடாதென்று இடது கையை அவருடைய இடது தோள் மேல் வைத்திருந்தார். தையலம்மா வலது பக்கம், தூரத்தில் குழியருகே ஆடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பின்புறமிருந்து, அடுத்த ஆட்டக்காரர் அடிக்கிற மேட்டிலிருந்து, 'ஃபோர்' என்று பெரிய சத்தம் வந்தது. பந்து தடம் மாறிக் கூட்டத்தை நோக்கி வந்தால் அப்படித்தான் கத்துவார்கள். குனி, தலையைக் காப்பாற்றிக்கொள் என்று அர்த்தம்.

நிமிஷம் குனிந்தார். இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, முழங்கால் மண்ணில் படும்படி குனிந்தார். நிமிர்ந்து பார்த்தபோது தையலம்மா முகத்தைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்திருந்தார். அவருடைய இடது கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் யார் வந்து கேட்டாலும் நிமிஷம், "கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள நடந்துடுச்சு" என்பார். அது பொய்யில்லை. மூடியது தம்முடைய கண் என்பதைத்தான் சொல்லவில்லை. பார்க்க வந்த ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "தலைக்கு வந்தது கண்ணோட போச்சுன்னு நினைச்சுக்கங்க" என்றார். அந்த ஆளைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிப்போடலாமா என்று மகளுக்கு இருந்தது. பந்தை அடித்த ஆட்டக்காரரும் வந்தார். இளவயது. அழுதார். கையுறையைக் கழற்றிக் கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டுப் போனார். தையலம்மா அதைத் தையல் பெட்டியில் போட்டு, குண்டூசி குத்தி வைக்க உபயோகித்தார். குத்திக் குத்தி இப்போது கையெழுத்தே தெரியாது.

தையலம்மா சீக்கிரமே எழுந்துவிட்டார். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. ஊசியில் நூல் கோக்க முதலில் அரை மணி நேரம் ஆனது, பிறகு கால் மணி, பிறகு பழையபடி ஆகிவிட்டது. டீ ஊற்றும்போது டம்ளர் விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொள்வார். சூடு விரலைத் தொட்டால் நிறுத்துவார். ஒரு துளி வெளியே போகாது.

எழுந்திருக்காதவர் நிமிஷம்தான். ஓய்வு பெற்றார், பென்சிலைக் கீழே வைத்தார். பட்டியல் இல்லாமல் கடைக்குப் போய் உப்பை மறந்துவிட்டு வந்தார். வெளியே எங்கே போனாலும் மனைவிக்கு இடது பக்கமாகவே, ஒட்டியபடி நடந்தார். தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடினால் அடுத்த தெரு சுற்றிக்கொண்டு போனார். அந்தப் பந்து வந்த வழியை ஆயிரம் தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் ஒரே விடைதான் வந்தது. அவர் நிமிர்ந்தே நின்றிருந்தால் பந்து அவர் முதுகில் பட்டிருக்கும். ஒரு வாரம் வலித்திருக்கும். அவ்வளவுதான்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவர் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, அரித்தது. மகளிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம்.

மைதானத்துக்காரர்கள் தையலம்மாவுக்கு ஆயுள் முழுக்க இரண்டு சீட்டு என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வருடா வருடம் தபாலில் உறை வரும். மூன்று உறைகளையும் நிமிஷம் பிரிக்காமல் அலமாரியின் மேல்தட்டில், பழைய மேப்புகளுக்கு அடியில் செருகி வைத்தார். நான்காவது உறை வந்த காலையில் அவர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். தபால்காரர் அதைத் தையலம்மா கையில் கொடுத்துவிட்டார்.

அவர் இறங்கி வந்தபோது சமையலறை மேஜைமேல் நான்கு உறைகள் வரிசையாக இருந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், தையல்காரி வீட்டு அலமாரியில் காகிதத்தை மறைக்க முடியாது.

"இந்த வருஷம் போறோம்" என்றார் தையலம்மா. "நீங்க அட்டவணை போடுங்க."

"எதுக்கு இப்ப?"

"ஆட்டம் பார்க்க. வேற எதுக்கு?"

மகளுக்குப் போன் செய்து, அம்மாவுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லு என்று கெஞ்சினார். மகள் அம்மாவிடம் இரண்டு நிமிடம் பேசிவிட்டு, "அப்பா, நான் தோத்துட்டேன். நீங்க பென்சிலை எடுங்க" என்றாள்.

எடுத்தார். நான்கு வருடத்துக்குப் பிறகு மேப்பை விரித்தார். கை மறந்திருக்கவில்லை. நேரம், இடம், குறிப்பு என்று மூன்று பத்தி கட்டினார். மூன்றாம் நாள், வெயில் ஜன்னல் வழியாக மேஜைக்கு வந்த நேரத்தில், சுத்தமாக நகல் எடுத்து மனைவி முன்னால் வைத்தார். மனதுக்குள் ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் போய் நிற்பதானால், நடந்ததைச் சொல்லாமல் நிற்க முடியாது. சொல்லிவிட்டால், இந்த வீட்டுக்குள் எந்த முகத்தோடு நிற்பது?

தையலம்மா காகிதத்தை வலது கண்ணுக்கு நேராகப் பிடித்துப் படித்தார்.

"காலையில எட்டு மணிக்குப் பயிற்சித் திடல். சரி. ஒம்பது பத்துக்குக் கண்ணாடி போட்ட காட்சிக்கூடம். சரி. பத்து மணிக்குப் பெரிய திரை வச்ச பந்தல்." நிமிர்ந்தார். "இதுக்கு நம்ம வீட்டு டிவி போதுமே. மின்விசிறியும் இருக்கு."

"வெயில் ஜாஸ்தியா இருக்கும்மா."

"ம். பத்தே முக்காலுக்கு ஆறாம் குழி, பின்வரிசை. அப்புறம் வண்டி நிறுத்தற இடம் வழியா நடந்து, பன்னிரண்டு மணிக்கு எட்டாம் குழி." விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டார். "ஏழு எங்கங்க?"

"அங்க இந்தத் தடவை கூட்டம் தாங்காதாம்."

"யார் சொன்னா?"

சொன்ன ஆள் யாரும் இல்லை. அவர் பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறுக்கு அடுத்து எட்டா? எனக்குப் பள்ளிக்கூடத்துல இப்படிச் சொல்லித் தரலையே. ஒரு டிரைவர் ஒரு ஸ்டாப்பை விட்டுட்டு வந்தா நீங்க சும்மா விடுவீங்களா?"

"அந்தப் பாதை மேடு பள்ளமா இருக்கு. உனக்குக் கஷ்டம்."

"மேட்டுல நடக்கப் போறது நான். உங்களுக்கு ஏங்க இப்பவே மூச்சு வாங்குது?"

உண்மையிலேயே வாங்கியது. மனிதர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முப்பத்து மூன்று வருடம் ஊர் முழுவதையும் நேரத்துக்குக் கொண்டுபோய் இறக்கியவருக்கு, ஒரு வாக்கியத்தை வாய்வரை கொண்டுவர நான்கு வருடம் ஆகியிருந்தது.

"நான் குனிஞ்சுட்டேம்மா" என்றார்.

தையலம்மா டீப் பாத்திரத்தைக் கையில் எடுத்திருந்தார். டம்ளர் விளிம்பில் விரலை வைத்தார்.

"சத்தம் கேட்டதும் குனிஞ்சுட்டேன். உன்னைப் பிடிச்சு இழுக்கலை. தள்ளிவிடலை. என் தலையை மட்டும் பொத்திக்கிட்டேன். நான் நின்னிருந்தா என் முதுகுல பட்டிருக்கும். உன்னை அங்க கொண்டுபோய் நிறுத்தினதும் நான்தான். நாலு வருஷமா இதைச் சொல்லலை."

டீ விளிம்புக்கு வந்தது. தையலம்மா நிறுத்தினார். பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"பார்த்தேனே."

"நீ அந்தப் பக்கம் இல்ல பார்த்துக்கிட்டிருந்தே?"

"அந்தப் பக்கம்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். தோள்ல இருந்த கை திடீர்னு போச்சு. என்ன ஆச்சு இவருக்குன்னு திரும்பினேன். நீங்க தலையைப் பொத்திக்கிட்டுக் குனிஞ்சிருந்தீங்க." இடது கண் பக்கம் லேசாக விரலைக் காட்டினார். "இந்தக் கண்ணு கடைசியா பார்த்தது அதைத்தான்."

சத்தம் கேட்டுத்தான் மனைவி திரும்பினார் என்று இத்தனை நாளும் நிமிஷம் நினைத்துக்கொண்டிருந்தார். ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்த கணக்கில் தம் கை ஒரு இடத்திலும் வரவில்லை. இப்போது அந்தக் கையைப் பார்த்தார். அது மேஜைமேல் பென்சிலைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் போட்டுக்கொண்டார். பிறகு அழுதார். அறுபத்து மூன்று வயசு மனிதர் சத்தம் போட்டு அழுவதைத் தாங்குவது சுலபமில்லை. தையலம்மா தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏன் கேக்கலை என்னை?" என்றார் நிமிஷம் கடைசியில்.

"முதல் வருஷம் கோவம். வாயைத் திறந்தா உங்களைக் கொன்னுடுவேன்போல இருந்துச்சு. அதனால திறக்கலை. அப்புறம் கோவம் போச்சு. நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன். நீங்க உறையைத்தான் ஒளிச்சு வச்சீங்க." டம்ளரை அவர் பக்கம் தள்ளினார். "அவன் கத்தினதே குனியத்தாங்க. குனிஞ்சது தப்பில்லை. பயந்தா யாரும் குனிவாங்க. ஆனா நீங்க அன்னிக்குக் குனிஞ்சவர், இன்னும் நிமிரவே இல்லையே. தினமும் என் இடது பக்கம் போலீஸ்காரர் மாதிரி நடக்கறீங்க. எனக்குக் காவல் வேண்டாம். பேச்சுத்துணைக்கு ஆள் வேணும்."

அவர் மடியில் கிடந்த பென்சிலைத் தையலம்மா எடுத்து, அட்டவணையில் தாமே எழுதினார். ஒற்றைக் கண்ணால் எழுதியது, வரி கொஞ்சம் மேலே ஏறியது. '11.20. ஏழு.'

"அட்டவணை போட்டவர் வண்டியில ஏறணும்னு சட்டம் பேசுவீங்களே. ஏறுங்க."

ஏறினார்கள். ரயில் நிலையத்திலிருந்து தனி வண்டி, அவர் போட்ட பழைய நேரத்துக்கே கிளம்பியது. பயிற்சித் திடலைப் பார்த்தார்கள். கண்ணாடிக் கூடத்தைத் தையலம்மா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பதினொன்று பதினெட்டுக்கு ஏழாம் குழி வளைவுக்கு வந்து சேர்ந்தார்கள். புல் அதே புல்தான். கயிற்றை மட்டும் பத்து அடி பின்னால் தள்ளிக் கட்டியிருந்தார்கள். தொப்பி போட்ட கயிற்றுக்காரர் ஒருவர், கூட்டத்தை அமைதியாக இருக்கச் சொல்லிக் கையைத் தூக்கியபடி நின்றார். தையலம்மா கயிற்றை ஒட்டி நின்றார். நிமிஷம் பின்னால் நின்று, இடது கையை அந்தத் தோள் மேல் வைத்தார்.   

அவர் மனதில் ஒரு முடிவு இருந்தது, மனைவியிடம் சொல்லவில்லை. இந்தத் தடவை எது வந்தாலும் நிமிர்ந்து நிற்பது. முதுகைக் கொடுத்து நிற்பது. முந்தின நாள் கண்ணாடி முன்னால் நின்றுகூடப் பார்த்தார்.

நான்காவது கோஷ்டி அடிக்கிறபோது அந்தச் சத்தம் வந்தது. "ஃபோர்!"

முடிவு காற்றோடு போயிற்று. உடம்பு அவரைக் கேட்கவில்லை, குனிந்தது. ஆனால் தோளில் இருந்த கை தோளை விடவில்லை. அது தையலம்மாவையும் சேர்த்துக் கீழே இழுத்தது. இரண்டு பேரும் புல்லில் போய் விழுந்தார்கள். மற்றக் கையால் அவர் மனைவியின் முகத்தைத் தம் நெஞ்சோடு பொத்திக்கொண்டார். எங்கோ நாற்பது அடிக்கு அப்பால், புதருக்குள் பந்து விழுந்த சத்தம் கேட்டது. கூட்டம் மூச்சு விட்டது. யாரோ சிரித்தார்கள்.

தையலம்மாவின் குரல் அவர் சட்டைக்குள்ளிருந்து வந்தது.

"குனிஞ்சுட்டீங்க."

"குனிஞ்சுட்டேம்மா."

 தையலம்மா தம் கையைத் தூக்கித் தோளைத் தடவிப் பார்த்தார். அங்கே நிமிஷத்தின் விரல்கள் துணியோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தன.

"கை இருக்கு" என்றார்.

கயிற்றுக்காரர் குனிந்து பார்த்து, "முடிஞ்சுடுச்சு சார், எழுந்திருக்கலாம்" என்றார். அவர்கள் உடனே எழுந்திருக்கவில்லை. அட்டவணையில் தையலம்மா எழுதிய ஏழுக்கு எதிரே, குறிப்புப் பத்தியில், நிமிஷம் நான்கு நிமிடம் சும்மா விட்டிருந்தார்.